ஒரே சாவி

பூட்டுக்காரருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வாசலுக்கும் அலமாரிக்கும் கடைக்கும் ஒரே சாவி போட்டுக் கொடுங்கள் என்று யாராவது வந்தால் வேலையைத் தொடவே மாட்டார். "ஒண்ணு தொலைஞ்சா மொத்தமும் போச்சுங்க. தனித்தனியா வச்சுக்கங்க" என்பார். முப்பது வருடமாக இதையே சொல்லி வாடிக்கையாளர்களை விரட்டிய மனிதர். அப்பேர்ப்பட்டவர் தன் செல்போனில் என்ன செய்தார் தெரியுமா? கடை விளம்பரம், வரைபடத்தில் கடை இருக்கும் இடம், படங்கள், மனைவி அனுப்பிய குரல் செய்திகள் என்று அத்தனையையும் ஒரே கம்பெனியின் ஒரே கணக்கில் வைத்தார். வேறு எங்கே வைப்பது? எங்கே தொட்டாலும் அந்தக் கம்பெனிதான் இருந்தது.

மனைவிக்கு அவருடைய மறதி என்றால் கொண்டாட்டம். ஊரார் பூட்டையெல்லாம் திறக்கிறவர் தன் வீட்டுச் சாவியை வாரத்துக்கு மூன்று தடவை மறப்பார். உடனே போனில் குரல் வரும். கடைசியாக வந்தது, அவள் மாரடைப்பில் விழுந்த அன்று காலையில். "சாவிய மேஜை மேலயே விட்டுட்டுப் போயிட்டீங்களே, மகாராசா! நான் எங்கயும் போகல. மெதுவா வாங்க." பதினொரு விநாடி. அவள் போன பிறகு, தினமும் கடை ஷட்டரைத் தூக்கும் முன் அதை ஒருமுறை கேட்பார்.

மூன்றே மாதம்தான் கேட்க முடிந்தது. வரைபடத்தில் போலிப் பூட்டுக்கடைகள் பெருகிவிட்டனவாம். கம்பெனி நல்லவன் கெட்டவன் பார்க்காமல் பூட்டுக்கடைகளைக் கூண்டோடு தூக்கியது. கடையோடு கணக்கும் முடங்கியது, கணக்கோடு அவள் குரலும் போனது. மகள் கம்பெனிக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்தாள். ஒவ்வொரு தடவையும் இயந்திரம் அதே பதிலை அனுப்பியது. பேசுவதற்கு ஒரு மனிதப் பிறவி கிடையாது. வயிறு எரியுமா, எரியாதா?

அந்தக் கம்பெனியைப் பல கம்பெனிகளாகப் பிரிக்கலாமா என்று விசாரிக்க அரசு ஒரு குழு போட்டது. பாதிக்கப்பட்டவர்கள் வந்து பேசலாம் என்றார்கள். இவரும் இஸ்திரி போட்ட சட்டையோடு போனார்.

"பிரிக்கணும்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டார் குழுவின் தலைவி.

"பிரிக்கணும்மா. வரைபடத்துல தப்பு நடந்தா வரைபடத்தப் பூட்டட்டும். என் பொண்டாட்டி பேசினத எதுக்குப் பூட்டணும்?"

கம்பெனி வக்கீல் எழுந்தார். மரியாதையான மனிதர்தான், குறை சொல்ல முடியாது. "எல்லாம் ஒரே இடத்துல இருக்கறதாலதான் ஐயா, திருடங்க கைக்குப் போகாம பாதுகாக்க முடியுது."

"திருடன் கைக்கும் போகல, என் கைக்கும் வரலியே தம்பி" என்றார் பூட்டுக்காரர். கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தலைவியைப் பார்த்துக் கைகூப்பினார். "அந்தப் பதினொரு விநாடிய மட்டும் குடுத்துடச் சொல்லுங்கம்மா. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "தனி ஒருத்தர் கணக்கு எங்க அதிகாரத்துல வராதுங்க. கம்பெனியப் பிரிக்கிறதா வேண்டாமான்னு மட்டும்தான் நாங்க சொல்ல முடியும்."

கணக்கு முடங்கி இரண்டு வருடம் ஆனபோது முடிவு வந்தது. கம்பெனியை நான்காகப் பிரிக்க உத்தரவு! அறிக்கையில் இவர் சொன்னதைக்கூட எடுத்துப் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "ஜெயிச்சுட்டீங்க!" என்றார்கள். "இப்ப நாலுல எவன்கிட்ட போய்க் கேக்கணும்?" என்று கேட்டார் இவர்.

அதே வாரம் மகளுக்கு ஒரு கடிதம் வந்தது. இரண்டு வருடமாக யாரும் திறக்காத கணக்கு என்பதால், விதிப்படி எல்லாவற்றையும் அழித்துவிட்டார்களாம். திறக்க விடாமல் பூட்டியவர்களே இப்படி எழுதியிருந்தார்கள், பாவிகள்.

மகள் படித்து முடித்தாள். அவர் கையிலிருந்த பூட்டைக் கீழே வைத்தார்.

"சாவிய மேஜை மேலயே விட்டுட்டுப் போயிட்டீங்களே, மகாராசா" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். "இப்படித்தானே சொன்னா?"

"இல்லப்பா. மகாராசாங்கறத அம்மா கொஞ்சம் இழுப்பாங்க."

இழுத்துச் சொன்னார். அது அவள் குரல் மாதிரி இல்லை. இன்னொரு தடவை சொன்னார். அப்போதும் வரவில்லை.

"நீ சொல்லிக் காட்டும்மா" என்றார்.

மகள் வாயைத் திறந்தாள். அவளுக்கும் வரவில்லை.