தண்ணீர் குடிக்காத பயணம்

காலை ஆறேகாலுக்கு ஆவடி செக்போஸ்ட்டில் எங்கள் கம்பெனி பஸ் ஏறினால் சிறுசேரி ஆபீஸ் போய்ச் சேர எட்டரை ஆகும். மழை பெய்தால் ஒன்பதைத் தாண்டும். அந்த பஸ்ஸுக்காக முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேன். காலையில் காபியும் கிடையாது. குடித்தால் வழியில் எங்கே இறங்குவது? நாற்பது பேர் பார்க்க, "அண்ணே, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க" என்று டிரைவரிடம் கேட்பதற்குப் பதில் உயிரை விட்டுவிடலாம்.

கொரோனாவில், ஆவடி பக்கத்துச் சேக்காட்டில், வீட்டிலிருந்தே வேலை பார்த்தபோது உடம்பு தங்கமாக இருந்தது. எல்லாரும் ஆபீசுக்கு வந்தே ஆகவேண்டும் என்று உத்தரவு வந்ததுதான் தாமதம், நாலே மாதத்தில் மூன்று தடவை நீர்க்கடுப்பு. "இன்னொரு தடவை வந்தா கிட்னியைப் பாதிக்கும்மா. நிறைய தண்ணி குடிங்க, அடக்கவே கூடாது" என்றார் டாக்டர். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அடக்காமல், பூந்தமல்லி பாலத்து மேலேயா போக முடியும்!

அம்பத்தூரில் எங்கள் கம்பெனிக்கு ஒரு சின்ன கிளை உண்டு. வீட்டிலிருந்து இருபது நிமிடம். பாதி நாற்காலி காலி. அங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறேன் என்று மேனேஜருக்கு இரண்டு தடவை மெயில் போட்டேன். காரணம்: சொந்தக் காரணம். இரண்டு தடவையும் முடியாது என்று பதில் வந்தது. இனி வேலையை விடுவதைத் தவிர வழியில்லை என்று அழுகையாக வந்தது. பிடித்துச் செய்த வேலை.

என் கணவருக்கு ஃபேக்டரி வேலை. பத்து நிமிடத்தில் சைக்கிளில் போய்விடுகிற புண்ணியவான். "அது இன்னா சொந்தக் காரணம்? உள்ளத சொல்லு. வெக்கப்பட்டுகினு இருந்தா உன் உடம்புதான் போவும்" என்றார்.

மறுநாள், இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு மேனேஜருக்குப் போன் போட்டேன். "சார், ரெண்டேகால் மணி நேரம் பஸ்ல ஒண்ணுக்குப் போக முடியாது. அதனால தண்ணியே குடிக்கறதில்ல. கிட்னி போயிடும்னு டாக்டர் சொல்றாரு. அம்பத்தூர் குடுங்க, இல்லன்னா ராஜினாமா வாங்கிக்கங்க."

"பாக்கறேன் மேடம்" என்று வைத்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இதைப் போய் ஒரு ஆம்பளையிடம் சொல்ல வைத்தீர்களே என்று அன்றைக்கு முழுக்கக் கணவரைக் கரித்துக் கொட்டினேன்.

அடுத்த நாள் காலையில் மேனேஜரே கூப்பிட்டார். "திங்கக்கிழமையிலேர்ந்து அம்பத்தூர்லயே உக்காருங்க மேடம். எச்.ஆர்.ல பேசிட்டேன்."

அப்பாடா! நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. நன்றி சொல்லிவிட்டுப் போனை வைக்கப் போனேன். அவர் வைக்கவில்லை.

"நேத்து வீட்ல கேட்டேன் மேடம். என் வைஃப் டீச்சர், தினம் ரெண்டு பஸ் மாறிப் போறாங்க. அவங்களும் குடிக்கறதில்லையாம். கல்யாணமாகி பதினாலு வருஷம், எனக்குத் தெரியாது."

"இனிமே குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க சார்."

"குடிச்சா வழியில எங்க போவாங்க மேடம்?"

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே முழுசாகக் குடித்தேன்.