அன்னக்கொடி தோற்ற வழக்கு

பேரையூருக்குத் தெற்கே ஒரு கரிசக்காட்டு ஊரில் முத்துத்தாய் இரண்டு தடவை வாழ்க்கைப்பட்டாள். முதலில் விருமாண்டிக்கு. மூன்று வருஷம் இழுபறியாகவே போயிற்று. கடைசியில் ஊர்க்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் விருமாண்டி ஒரு துரும்பை எடுத்து அவள் கையில் கொடுத்தான், அவள் வாங்கிக்கொண்டாள். அவர்கள் சனத்தில் கலியாணத்தைத் தீர்த்துவிடுவது என்றால் அவ்வளவுதான். மறுவருஷம் பேயாண்டியைக் கட்டிக்கொண்டாள். அது மனசுக்குப் பிடித்த வாழ்வு. ஒரு பெண்பிள்ளையும் பிறந்தது. 1929-ல் காலரா வந்தபோது பேயாண்டி காலையில் படுத்தான், பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தான்.

காரியம் முடிந்த மறுநாளே அவனுடைய தம்பி மொக்கையன் கிணற்றுத் தோட்டத்தில் ஏர் பூட்டினான். முத்துத்தாய் ஓடிப்போய் மாட்டை மறித்தாள்.

"இது எம் புருசன் பாகம். பிரிச்சுக் கொடுத்து எட்டு வருசமாச்சு."

"யாரு புருசன்? ஒம் புருசன் விருமாண்டி இன்னும் உசுரோடதான் இருக்கான். எங்கண்ணன் ஒன்னைய வச்சிருந்தான், அம்புட்டுத்தான்."

தோட்டம் போனது கூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த வார்த்தைதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு நடந்தாள்.

விசாரணை நடந்தபோது மொக்கையன் மூன்று தடவை விருமாண்டி வீட்டுக்குப் போய் வந்தது ஊருக்கே தெரியும். துரும்பு கொடுக்கவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் வழக்கு அன்றே முடிந்துவிடும். விருமாண்டிக்கும் அவள்மேல் கோபம் தீர்ந்திருக்கவில்லை. கூண்டில் ஏறியவன் வலது கையை நீட்டிக் காட்டினான்.

"கொடுத்தேன் சாமி. இந்தக் கையாலதான் கொடுத்தேன். அதுக்குப் பெறகு அவ யாரைக் கட்டுனா எனக்கென்ன?"

ஐந்தாறு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் முத்துத்தாய் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

ஆனாலும் வழக்கு தோற்றது. சாஸ்திரத்தில் தீர்த்துவிடுவது என்று ஒன்று கிடையாது, உங்கள் சனத்து வழக்கம் என்றால் அது நெடுங்காலமாக மாறாமல் நடந்து வருவதாகக் காட்ட வேண்டும், சொந்தக்காரர் நாலு பேர் வந்து சொன்னால் போதாது என்று முன்சீப் எழுதிவிட்டார்.

மதுரையில் அப்பீலை எடுத்துக்கொண்டவர் சிஹாபுதீன் என்ற வக்கீல். பழைய தீர்ப்புப் புத்தகங்களை அடுக்கிவைத்து ஒரு மாதம் புரட்டினார். ஒருநாள் அவளை வரச்சொல்லி உட்காரவைத்தார்.

"வெள்ளைக்காரன் ஊர்ல சட்டம்னு மொத்தமா எழுதிவச்சு ஆரம்பிக்கலே தாயி. ஊருக்கு ஊர் நடந்துவந்த வழக்கத்தை ராசாவோட ஜட்ஜுங்க கேட்டுக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னாங்க. ஒருத்தர் சொன்னதைப் பார்த்து அடுத்தவர் சொன்னார். எழுநூறு எண்ணூறு வருசமா இப்படியே சேர்ந்து வந்ததுதான் அவங்க சட்டம். அதைத்தான் கப்பல்ல ஏத்தி இங்கேயும் கொண்டுவந்திருக்காங்க."

"எங்க கூட்டத்துலயும் அதேதானய்யா. முன்னால இன்னார் வழக்குல என்ன பேசுனோம்னுதான் மொதல்ல கேப்பாக."

வக்கீல் "அதேதான்" என்று தலையாட்டினார். பிறகு ஒரு புத்தகத்தை விரித்தார். இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய தீர்ப்பு. அன்னக்கொடி என்று ஒருத்தி, இதே சனம், இதே மாதிரி வழக்கு. துரும்பு கொடுத்துத் தீர்த்துக்கொண்டு மறுகலியாணம் செய்வது இவர்களிடம் தொன்றுதொட்டு வரும் வழக்கம்தான் என்று ஜட்ஜ் சாட்சிகளைக் கேட்டு ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் அன்னக்கொடிக்கு அப்படிக் கொடுத்ததாக ருசுவாகவில்லை என்று அவள் வழக்கைத் தள்ளியிருந்தார்.

"அப்ப அவ தோத்துட்டாளா?"

"ஆமா. ஆனா அவ வழக்குல எழுதுன அந்த நாலு வரி நிக்குதே, அது போதும் நமக்கு."

அந்த நாலு வரியின்மேல்தான் மதுரையில் தீர்ப்பாயிற்று. முத்துத்தாய் பேயாண்டியின் கட்டின மனைவி, தோட்டம் அவளுக்கே. ஊரில் குலவை போட்டார்கள். அவள் அதற்கு நிற்கவில்லை. வக்கீலிடம் அன்னக்கொடியின் ஊர்ப்பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அங்கே போய், அங்கிருந்து விசாரித்து விசாரித்துச் சோழவந்தானில் கண்டுபிடித்தாள். வழக்கு தோற்றபின் ஊரில் தலைகாட்ட முடியாமல் வந்து, கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிப் பிழைத்துக்கொண்டிருந்தாள் அன்னக்கொடி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். தன் பெயர் ஒரு புத்தகத்தில் இருக்கிறது என்பதை நம்ப அவளுக்கு நேரமாயிற்று.

"ஒம் மொதப் புருசன் கூண்டுல ஏறி, கொடுத்தேன்னு சொன்னானா?"

"சொன்னாக."

அன்னக்கொடி கையிலிருந்த வெற்றிலைக் கவுளியை மடியில் வைத்தாள்.

"எனக்குக் கொடுத்தவன் இல்லேன்னுட்டான். அவன் கொடுக்கறப்ப எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாக. ஒருத்தரும் வாயத் தொறக்கல."

முத்துத்தாய் அவள் காலைத் தொட்டாள். "நீங்க தோத்ததுலதான் நான் செயிச்சேன்க்கா. எங்கூட வந்திருங்க."

"வேணாம். நான் தோத்தது தோத்ததுதான், ஒன்னால மாத்த முடியாது. ஆனா வந்து சொன்னியே." மறுபடி கவுளியைக் கையிலெடுத்து, "போ, பிள்ளை தேடும்" என்றாள்.

அதன்பிறகு பேரையூர் வட்டாரத்தில் எந்தப் பெண்ணை வைப்பு என்று சொல்லி விரட்டினாலும், முத்துத்தாய் அவளோடு கோர்ட்டுக்குப் போனாள். கூண்டில் ஏறி எங்கள் வழக்கம் இது என்று சாட்சி சொன்னாள். சில வழக்கு ஜெயித்தது, சில தோற்றது. விருமாண்டி செத்தபோது போகக்கூடாது என்று பங்காளிகள் தடுத்தும் போய் நின்றுவிட்டு வந்தாள்.

1941-ல் வேறொருத்தி வழக்கில் வந்த தீர்ப்பை சிஹாபுதீன் படித்துக்காட்டினார். அன்னக்கொடி, முத்துத்தாய் இருவர் வழக்கையும் அடுத்தடுத்து எடுத்துச்சொல்லி ஜட்ஜ் எழுதியிருந்தார். அன்னக்கொடி அதற்கு முந்தைய ஆடியிலேயே இறந்துபோயிருந்தாள். இரண்டு பெயரையும் எழுத்து மாற்றித் தப்பாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள் என்று வக்கீல் வருத்தப்பட்டார்.

"இருக்கட்டுமய்யா" என்றாள் முத்துத்தாய். "அவுக பேரை இன்னொருக்கா வாசிங்க."