காங்கேயம் மில் கொடுத்த தாளம்

எத்தனை முறை துவைத்தாலும் சட்டையை விட்டு அந்தத் தேங்காப்பருப்பு வாசம் போகாது. காங்கேயத்திலிருந்து கோவை திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் கேட்பார். "ஏனுங்க தம்பி, எண்ணெய் மில்லுல வேலைங்களா?"

பாட்டுப் பாடிவிட்டு வருகிறோம் என்றால் நம்பவா போகிறார்... ஆமாங்க என்று சொல்லிவிடுவேன்.

சுகந்தியை இன்று ஃபோக் ராக் பாடகியாக உங்களுக்கெல்லாம் தெரியும். அன்று அவள் பீளமேட்டில் எங்களோடு இன்ஜினியரிங் படித்தவள். பாட்டும் மெட்டும் அவளுடையது. நான் கிட்டார், ரஃபீக் டிரம்ஸ். ஞாயிறுதோறும் அவளுடைய அப்பாவின் எண்ணெய் மில் குடோனில், கொப்பரை மூட்டைகளுக்கு நடுவே ஒத்திகை.

ஓட்டு இடுக்கில் விழும் வெயிலில் தூசி மிதந்துகொண்டிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடும். டடக்... டடக்... அந்தச் சத்தத்தோடுதான் எல்லாப் பாட்டும் பிறந்தது.

எங்கள் பாட்டைப் பற்றி அவளுடைய அப்பா காலேஜ் விழாவுக்கு முந்தின நாள்தான் வாய் திறந்தார்.

"நாளைக்கு நானும் வாரேன் அம்மணி. சரிப்பட்டா பாடு. இல்லீன்னா இதையெல்லாம் உட்டுப்போட்டு மில்லைப் பாத்துக்கோணும்."

மேடையில் ரஃபீக் ஆரம்பித்தான்... வேகம் எகிறியது. நான் பின்னாலேயே ஓடினேன். சுகந்தி வாயைத் திறந்து அப்படியே நின்றுவிட்டாள். மறுபடி ஆரம்பித்தோம், மறுபடி சொதப்பல். கொஞ்சம் சிரிப்பு, பிறகு ஹாலே அமைதியாகிவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. மெஷின் சத்தம் இல்லாமல் நாங்கள் வாசித்ததே இல்லை.

முன்வரிசையிலிருந்து டடக்... டடக்... அவளுடைய அப்பா மோதிரம் போட்ட விரலால் இரும்புச் சேரில் தட்டிக்கொண்டிருந்தார். மில் ஓடுகிற அதே வேகம். சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.

முடிந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான். "மில்லை நானே பாத்துக்கறேன். நீ பாடு கண்ணு."

போன வாரம் கோவையில் அவளுடைய கச்சேரி. ஆபீஸ் முடிந்து கழுத்தில் ஐடி கார்டோடு கூட்டத்தில் நின்றேன். கிட்டாரைத் தொட்டே வருடங்களாகின்றன. இப்போது அவள் காதில் மாட்டிய கருவியே தாளம் சொல்லிவிடுகிறது.

அப்பா முதல் வரிசையில், மெத்தை வைத்த சோபாவில். அதில் தட்டினால் சத்தமே வராது... ஆனாலும் தட்டினார்.

அவள் அந்த விரலைப் பார்த்துவிட்டுத்தான் முதல் வரியை எடுத்தாள்.