அண்ணன் முகவரி

மாதாமாதம் நான் பணம் தர வேண்டும் என்று அப்பா பெற்றோர் பராமரிப்பு நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருப்பதாகக் கடிதம் வந்தபோது, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நான் வேலை பார்க்கும் நகைக்கடையில் தீபாவளிக் கூட்டம். கடிதத்தைக் கைப்பையில் வைத்துவிட்டு, வந்தவர்களுக்குச் சங்கிலி எடுத்துக் காட்டினேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்த வருடம், அப்பா தன் சேமிப்பையெல்லாம் அண்ணன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் படிக்கக் கொடுத்திருந்தார். "பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்லா" என்றார். அந்த வாரமே கடையில் சேர்ந்தேன். அண்ணன் பெர்த்திலேயே தங்கிவிட்டான். அம்மா இறந்த பிறகு அப்பா எங்கள் உட்லண்ட்ஸ் வீட்டை விற்று, அந்தப் பணத்தையும் அவனுக்கே அனுப்பினார். அவருக்கு ஆங்கிலம் எழுத வராது. வங்கிப் படிவத்தை நிரப்பியது நான்தான். ஒரு நகலை வைத்துக்கொண்டேன்.

வீட்டை விற்றபின் தங்கியிருந்த அறைக்கு வாடகை கட்ட முடியாமல் போனதும் அப்பா என்னிடம் கேட்டார். அண்ணனிடம் கேட்கச் சொன்னேன். அவன் பாவம், கஷ்டப்படுகிறான் என்றார். போனை வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் மனு.

சமரசப் பேச்சுக்கு எங்களை மன்றத்துக்கு அழைத்த அன்று அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். அங்கிருந்த தமிழ் அதிகாரி, எத்தனை பிள்ளைகள் என்று அவரிடம் கேட்டார்.

"ஒரே பொண்ணுதான்."

கல்யாண வீடுகளில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, எனக்கு ஒரே பையன் என்று சொல்லித் திரிந்த மனிதர்.

அதிகாரி எழுதி முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு அண்ணனின் முகவரியையும் அந்த நகலையும் மேசையில் வைத்தேன்.

"ஒரு மகனும் இருக்காரு மேடம். அப்பா மறந்துட்டாரு."

அப்பா என் கையைப் பிடித்தார். "அவனுக்கு எழுத வேணாம்மா. மனசு ஒடிஞ்சிருவான்."

"எனக்கு ஒடிஞ்சப்ப யாரு கேட்டாங்கப்பா?"

அண்ணனுக்குக் கடிதம் போனது. அவன் பணம் அனுப்பவில்லை. அப்பாவை போனில் அழைத்துக் கண்டபடி பேசி, இனிமேல் தன்னைக் கூப்பிடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதைச் சொல்லி அப்பா அழுதபோது, எதிரில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன்.

இப்போது அறை வாடகையை நான் கட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் மீன் குழம்பு வைத்து எடுத்துப் போகிறேன். என் மகள்கூட, தாத்தாவுக்கு நான் நல்ல பிள்ளை என்கிறாள். போனதும் தட்டை வைத்துவிட்டு, "அண்ணன் கூப்பிட்டானாப்பா?" என்று கேட்பேன். பதில் தெரிந்துதான் கேட்கிறேன். இல்லை என்று அவர் தலையாட்டும்வரை பாத்திரத்தைத் திறப்பதில்லை.