தட்டிப் பார்த்தவர்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடம் ஒன்றின் பழைய கணினித் தரவுகளைக் கிளவுடுக்கு மாற்றப் போயிருந்தேன். அங்கே தரம் பார்க்கும் அக்காவுக்குப் புருவமெல்லாம் வெள்ளைத் தூள். ஒவ்வொரு கோப்பையையும் நகத்தால் தட்டி, ஓசை கேட்ட பிறகுதான் கீழே வைப்பார்.

தேவையில்லை என்று ஒரு பழைய அட்டவணையை விட்டுவிட்டு, புதுத் திரையில் தினசரி உடைசல் கணக்கை அவரிடம் பெருமையாகக் காட்டினேன்.

"தப்புங்க சார். திங்கக்கெழம மூட்டுன சூளைய புதங்கெழமதான் பிரிப்போம். நீங்க நாள் நாளா கூறு போட்டுட்டீங்க. ஒரு சூளைக்கு ஒரே கணக்குதாங்க."

எந்தச் சரக்கு எந்தச் சூளையில் வெந்தது என்பது நான் விட்ட அட்டவணையில்தான் இருந்தது. சேர்த்தேன். கணக்கு பொருந்தியது. அக்கா என் லேப்டாப்பை நகத்தால் தட்டிக் காது கொடுத்தார்.

"இப்ப சரியா இருக்குதுங்க."

பெரிய நிறுவனங்கள் பல என் வேலையைப் பாராட்டியிருக்கின்றன. தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.