கடைசி நட்டு

சிங்கப்பூர் தேக்கா பக்கத்தில் நான் வேலை பார்க்கும் ஸ்பேனர் கடைக்குக் காலையிலேயே ஒருவர் வந்து நின்றார். முகமெல்லாம் வியர்வை. வலது கையை மட்டும் இறுக்கி மூடியிருந்தார். வாசலில் அவர் ஓட்டி வந்த லாரி. அதன் பின்தட்டில் வேலைக்குப் போகும் ஆட்கள்.

"டார்க் ஸ்பேனர் இருக்கா? லாரி சக்கரத்துக்கு."

"சாதா ஸ்பேனரே போதும்லா. மேல ஏறி மிதிச்சா டைட்டாயிடும்" என்றேன்.

"பாஸும் அதத்தான் சொல்றாரு. மிதிச்சா நமக்குத்தான் தைரியம் வருது, நட்டுக்கு என்ன வருது?" என்று கையைத் திறந்தார். உள்ளே ஒரு சக்கர நட்டு. "சத்தம் வருதேன்னு இப்பத்தான் ஓரங்கட்டினேன். விரல்லயே கழண்டு வந்துச்சு."

ஆட்களை இறக்கிவிட்டு ஒவ்வொரு நட்டாக முறுக்கினார். சரியான அளவு இறுகியதும் டார்க் ஸ்பேனர் 'டிக்' என்றது. அந்தச் சத்தத்துக்காக எல்லாரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தோம். கையில் இருந்த நட்டைக் கடைசியாகப் போட்டார். அது சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. டிக் வரவில்லை.

"மிதிச்சு மிதிச்சு மரை போயிருச்சு. பெரிய ஜாக்கியா எடுத்து வைங்க, சக்கரத்தைக் கழட்டணும்" என்றார் என்னிடம்.

அவர் போன் அடித்தது. லாரிச் சாவியை உருவி வலது கைக்குள் மூடிக்கொண்டுதான் எடுத்தார்.

"பாஸ், வண்டி வராது." எதிர்முனையில் கத்துவது எனக்கே கேட்டது. "வராது பாஸ்."

அவர் வேலை என்ன ஆயிற்றோ, தெரியாது. ஆட்களை ஏற்றிய லாரி கடையைத் தாண்டும்போதெல்லாம் என் கண் முதலில் சக்கரத்துக்குத்தான் போகிறது. அப்புறம் ஓட்டுகிறவர் முகத்துக்கு.