டோர்மொட் பெயரில் வெட்டிய கரிமண்

கிரானபோஸ்ட் என்ற எங்கள் கடலோர ஊரின் பள்ளிக்கூடச் சமையலறையில் மார்சலி வேலை பார்த்தாள். எங்கள் ஊரில் அவள் மசித்த உருளைக்கிழங்கைத் தின்னாமல் வளர்ந்தவர் யாருமில்லை. அவள் வாயில் விழாமல் வளர்ந்தவரும் இல்லை. தட்டில் மீதம் வைத்தால் பின்னாலேயே வந்து நிற்பாள். "கடல்ல போனவங்களுக்கு இதுகூடக் கெடைக்கல. தின்னு."

அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. தேவாலயத்துக்கு மேலே, எந்தத் திசைக் காற்றையும் முதலில் வாங்கிக்கொள்ளும் மேட்டில் எங்கள் நினைவுக்கல் நிற்கிறது. அதில் இரண்டாம் உலகப் போர்ப் பக்கத்தில் அவள் அண்ணன் டோர்மொட்டின் பெயர் இருக்கிறது. நேர் கீழே ரூரியின் பெயர். இருவரும் சரக்குக் கப்பல் மாலுமிகள். ஒரே கப்பல். நடுக்கடலில் குண்டு பட்டு மூழ்கியது, யாரும் பிழைக்கவில்லை என்று தந்தி வந்தது.

கல்லில் பெயர் உள்ள வீட்டுக்கு ஊர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. மே மாதம் சதுப்பு கொஞ்சம் இறுகியதும், காய்ந்ததும் விறகுபோல் எரியும் கரிமண்ணை யாரும் தன் அடுப்புக்கு வெட்டும் முன், எல்லாரும் கூடி அந்த வீட்டுக்கு வெட்டுவார்கள். ஆண்கள் நீளக் கத்தியால் செங்கல் செங்கலாக அறுத்து மேலே எறிவார்கள். பெண்கள் காயப் பரப்புவார்கள். வீட்டுக்காரர்கள் கத்தியைத் தொடக்கூடாது. தேநீரும் ஓட்ஸ் ரொட்டியும் உப்பு மீனும் கொடுப்பதோடு சரி. போனவன் இருந்தால் அவன் வெட்டியிருப்பான், அவன் இடத்தில் நாங்கள். அவ்வளவுதான் கணக்கு.

மார்சலி வீட்டுச் சதுப்பில் முதல் வெட்டு எப்போதும் லக்லனுடையது. ரூரியின் தம்பி. தன் வீட்டுக்கு மின்சார அடுப்பு வாங்கிய பிறகும் அவன் மார்சலியின் சதுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை.

"அங்க ரெண்டு பேரும் ஒண்ணாக் கெடக்கறாங்க. இங்க நான் வராம இருந்தா ரூரி என்ன சும்மா விடுவானா?" என்பான்.

எழுபதுகளின் நடுவில், ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றில், மாலை ஆராதனை முடிந்து மார்சலி வீட்டுக்கு வந்த நேரம் டெலிபோன் மணி அடித்தது.

ஓய்வுநாளில் நாங்கள் துணி காயப்போட மாட்டோம். பிள்ளைகளின் ஊஞ்சலைக்கூட முந்தின நாளே சுருட்டிக் கட்டிவிடுவோம். போனை எடுக்கவே மாட்டோம். சாவு என்றால் ஆள் நேரில் வரும்; வேறு எதுவானாலும் திங்கட்கிழமை வரை காத்திருக்கும். மார்சலி வேதாகமச் சங்கீதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, மணி ஓயும்வரை டெலிபோனையே பார்த்தபடி இருந்தாள். அடுத்த ஞாயிறும் அடித்தது. அதற்கடுத்த ஞாயிறும்.

மறுநாள் பக்கத்து வீட்டு பெல்லக் வேலியோரம் வந்தாள்.

"ஓய்வுநாளும் அதுவுமா உங்க வீட்டுல மணி அடிக்குதே, சர்ச்சுக்குப் போட்டியாடி?"

"எவனோ டூரிஸ்ட்டு. தங்க ரூம் கேக்கறான் போல."

"மூணு வாரமா கேக்கறானா? பாவம், அதுவரைக்கும் எங்கடி படுத்திருக்கான்?"

இந்த வாய்க்குப் பயந்துதான் அடுத்த ஞாயிறு மார்சலி பாவத்தைத் துணிந்து செய்தாள். போனை எடுத்தாள்.

"ஓய்வுநாள்னு ஒண்ணு இருக்கறது உங்க ஊர்ல யாருக்கும் தெரியாதா?"

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு எங்கள் பாஷையில் ஒரு கிழட்டுக் குரல்.

"இங்க திங்கக்கெழம விடிஞ்சிடுச்சு, மார்சலீ."

அவள் பெயரின் கடைசி எழுத்தை அப்படி இழுக்கிறவன் ஒருவன்தான் இருந்தான்.

டோர்மொட் மெல்பர்னில் வேறு பெயரில் இருந்தான். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. அந்தக் கப்பலில் அவன் ஏறவே இல்லை. அதற்கு முந்தின பயணத்தில் ஒரு கப்பல் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவன். ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் கப்பலேறக் கால் எழவில்லை. பண்டகசாலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். கப்பல் மூழ்கிய செய்தி கேட்ட பிறகு, ஓடிப்போனவனாகத் திரும்புவதைவிடச் செத்தவனாக இருப்பது அவனுக்குச் சுலபமாகப் பட்டது.

"அம்மா எப்படிப் போனாங்க?"

"உன் பேரத் தடவித் தடவியே போனாங்க."

பிறகு, "நான் வரட்டுமா? ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்."

மார்சலி ஜன்னல் வழியே பார்த்தாள். வீட்டுக்கு வெளியே போன வருஷக் கரிமண் அடுக்கு. மழை உள்ளே இறங்காதபடி ஒவ்வொரு கட்டியையும் சாய்த்துச் சாய்த்து அடுக்கியவன் லக்லன்.

"வராத. உன் பேரு கல்லுல இருக்கு," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அண்ணன் உயிரோடிருக்கிறான் என்று தெரிந்ததும் தன் மனதில் முதலில் வந்தது ஊர் முகம்தான் என்று பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னாள். அழவில்லை. வேறு யாரோ செய்த அசிங்கத்தைச் சொல்வதுபோல் சொன்னாள்.

மே மாதம் ஊர் வந்தது. அவள் தடுக்கவில்லை. தேநீர் ஊற்றினாள்.

"என்ன மார்சலி, எனக்கு மட்டும் ரொட்டிய தூரத்துல வெச்சுட்டுப் போற? நாத்தம் அடிக்கிறேனா?" என்றான் லக்லன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ளும் கோட்டைக் கழற்றாமல் இருந்தாள். எரிக்க வேண்டியது வாசலில் குவிந்து கிடந்தது. எடுத்துப் போடக் கை வரவில்லை. நவம்பரில் போர் நினைவு நாளன்று கல்லருகே தேவாலய மூப்பர் பெயர்களைப் படித்தார். டோர்மொட் பெயர் வந்தபோது எல்லாரும் தலை குனிந்தார்கள், பிறகு நிமிர்ந்தார்கள். அவள் குனிந்தபடியே நின்றாள். லக்லன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

அந்தக் கை அவளை விடவில்லை. அடுத்த மே மாதம் கத்திகளோடு ஆட்கள் வந்தபோது சதுப்பு விளிம்பில் குறுக்கே நின்றாள்.

"வெட்ட வேண்டாம், லக்லன்."

"ஏன், நீயும் கரண்ட் அடுப்பு வாங்கிட்டியா?"

"டோர்மொட் உயிரோட இருக்கான்."

சிரிக்கத் தொடங்கிய ஒருவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"எப்பலேந்து தெரியும்?" என்றான் லக்லன்.

"போன வருஷம். நீங்க வெட்டறதுக்கு முந்தியே."

"கப்பல்ல ஏறலையா அவன்?"

"ஏறல. ஒளிஞ்சுட்டான்."

லக்லன் கடலைப் பார்த்தான். "அப்ப ரூரி தனியாத்தான் போனான்," என்றான். இன்னும் மண்ணைத் தொடாத கத்தியைப் புல்லில் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். கடைசியாக பெல்லக்.

"ரூம் கேட்டவன் இவன்தானா," என்றாள். அவள் சிரிக்கவில்லை.

பெயரை வெட்டி எடுக்கலாமா என்று ஊரில் பேச்சு வந்தது. கல்லைக் குடைந்தால் ரூரி பெயருக்கு மேல் பள்ளம் விழும் என்று லக்லன் மறுத்துவிட்டான்.

மார்சலி தானே வெட்டினாள். பாதிக் கட்டிகள் கையிலேயே உடைந்தன. பாதையோரம் நின்ற ஆளுயர அடுக்குகளுக்கு நடுவே அவளுடையது இடுப்புயரம்தான். போகிற வருகிற எல்லாரும் பார்த்தார்கள். ஒரு வருஷமாக ஞாயிறுதோறும் அடித்து அடித்து ஓய்ந்துகொண்டிருந்த டெலிபோனை அந்த வாரம் எடுத்தாள். ஜன்னல் திறந்திருந்தது. பெல்லக் காதில் விழும்படியே பேசினாள்.

"வா. இங்க கரிமண் வெட்ட ஆள் இல்ல."

மறு வருஷம் மே மாதம் அவன் வந்தான். மெலிந்த கிழவன், காலில் மெல்பர்ன் ஷூ. சாலையோரச் சதுப்பில் அவன் அறுக்க, அவள் பரப்பினாள். எங்கள் சாலையில் எதிரே பார்க்கும் யாருக்கும் வண்டி ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து வணக்கமாக ஒரு விரலாவது தூக்குவார், அந்நியனுக்கும் உண்டு. அவனுக்கு யாரும் தூக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நிமிர்ந்து அவன் கையைத் தூக்கினான்.

லக்லனின் டிராக்டர் வந்தது. நின்றது. அவன் இறங்கவில்லை, எஞ்சினையும் அணைக்கவில்லை.

"அன்னைக்கு ரூரி உன்னத் தேடினானா?"

டோர்மொட் கத்தியைக் கீழே வைத்தான். "தேடினான்."

"என்ன சொன்னான்?"

"பண்டகசாலைக்கு அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டான். 'டோர்மொட், வாடா, நேரமாச்சு'ன்னு. நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

லக்லன் தலையாட்டினான். கியரைப் போட்டுக்கொண்டு போனான்.

மார்சலி ஈரக் கட்டியைக் கையில் வைத்தபடி நின்றாள். அதற்கப்புறம் வந்த வண்டிகளுக்கு டோர்மொட் நிமிரவே இல்லை.